கடலுக்குக் கீழே ஒரு பஞ்சாயத்து

சங்கனாச்சேரியிலிருந்து ஆலப்புழைக்கு 24 கிலோமீட்டர். இரண்டு ஊர்ப் பெயர்களின் முதல் எழுத்தைச் சேர்த்து ஏ.சி. ரோடு என்றால் கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் ஏற்றமும் இறக்கமுமாகச் சாலைகள் ஓடும் அந்த மாநிலத்தில், இது ஒரே மட்டமாகக் குட்டநாட்டின் குறுக்கே போகிறது. சாலையை ஒட்டி வாய்க்கால், வாய்க்காலை ஒட்டி வரம்பு, வரம்புக்கு அப்பால் வயல். அந்த வயல், ஆற்று மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வயலுக்குள் இறங்கி நின்றால் வரம்புக்கு மறுபக்கம் போகும் படகு நம் தலைக்கு மேலே போவது தெரியும். கடல் மட்டத்தைவிட அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்திருக்கும் நிலத்தில் நெல் விளைவிக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் இதை உலகின் முக்கியமான வேளாண் மரபிடங்களில் ஒன்றாக அறிவித்தது.

நான் போனது மே மாதக் கடைசியில். புஞ்சை என்று இங்கே சொல்லும் நெல் போகத்தின் அறுவடை முடிந்துவிட்டது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இன்னும் இறங்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போனால் செங்கன்னூரில் பம்பையாறு குறுக்கே வருகிறது. பாலத்துக்குக் கீழே மணல் திட்டு தெரிய, ஒரு ஓரமாக ஆறு ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் இந்த ஊரில்தான் மாடிகளில் ஏறி நின்ற மக்களைக் கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மீட்டார்கள். அந்த ஆறும் இந்த ஆறும் ஒன்று என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆகிறது.

குட்டநாட்டின் பஞ்சாயத்துகள் எழுதி வைத்திருக்கும் வெள்ளத் திட்டம் ஒன்றைப் பக்கம் புரட்டிப் பார்க்க வேண்டும், எழுதியவர்களிடம் பேச வேண்டும் என்பதே என் எண்ணம். இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரையில் ஏரலும் சுற்றுப்புற ஊர்களும் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு அங்கே நான் பேசியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஒன்றைச் சொன்னார்கள். எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாதவர் இருக்கிறார், யாரிடம் படகு இருக்கிறது, பள்ளிக்கூடச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் ஊரில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் இரவு போய்விட்டது. இதை எழுதி வைத்த ஊர் ஒன்று இருக்குமா என்று அன்றிலிருந்து மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

குட்டநாடு 2018-ல் இரண்டு முறை மூழ்கியது. ஜூலையில் வந்த வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவி, பாயைக் காயவைத்து முடிப்பதற்குள் ஆகஸ்ட் பாதியில் அடுத்தது வந்தது. அந்த நாட்களில் தொலைக்காட்சி முழுக்க இடுக்கி அணைதான். 26 ஆண்டுகளுக்குப் பிறகு அதன் மதகு திறந்தது. ஆனால் இடுக்கியின் தண்ணீர் பெரியாற்றில் ஆலுவா வழியாகப் போகிறது. குட்டநாட்டின் மேல் ஏறியது பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் என்ற நான்கு ஆறுகளின் தண்ணீர். மத்திய நீர் ஆணையம் போட்ட கணக்குப்படி ஆகஸ்ட் 15 முதல் 17 வரை மூன்றே நாளில் இந்த நான்கும் கொண்டுவந்தது சுமார் 1.63 பில்லியன் கனமீட்டர். நமக்குப் பழக்கமான கணக்கில் 57 டி.எம்.சி.க்கு மேல். மேட்டூர் அணை நிரம்பி நின்றால் 93. அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டிய வேம்பநாட்டுக் காயலின் கொள்திறன் சுமார் 0.6 பில்லியன் கனமீட்டர், அதாவது 21 டி.எம்.சி. மீதித் தண்ணீர் வயலிலும் சாலையிலும் வீட்டுக்குள்ளும் நின்றது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்களைச் சில நாட்களுக்குள் குட்டநாட்டிலிருந்து வெளியே கொண்டுபோனார்கள். ஏ.சி. ரோடே முழுகிக் கிடந்த நேரம் அது. டிப்பர் லாரியிலும் படகிலும் மாறி மாறித்தான் ஆட்கள் கரை சேர்ந்தார்கள்.

அதன் பிறகுதான் கேரள அரசு ஒரு காரியம் செய்தது. 941 கிராமப் பஞ்சாயத்து, 87 நகராட்சி, 6 மாநகராட்சி, எல்லாமும் தங்கள் தங்கள் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தைத் தாங்களே எழுத வேண்டும் என்றது. ‘நம்மள் நமுக்காயி’ என்று அந்த இயக்கத்துக்குப் பெயர். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் படிவமும் வரைபடமும் பயிற்சியும் தந்தது. கிலா என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனம் துணை நின்றது. வார்டு வார்டாகக் கூட்டம் போட்டு எழுதினார்கள். 2020 தொடக்கத்தில் எல்லாம் முடிந்தது. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் பழக்கம் கையில் இருந்ததால்தான் இவ்வளவு விரைவில் முடிந்தது என்று நினைக்கிறேன். திட்டம் எழுதக் கூடி உட்காரும் பழக்கமே இல்லாத ஊரில் படிவத்தை மட்டும் அனுப்பினால், அதை ஏதாவது ஒரு கணினி மையத்தில் நிரப்பி வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஏ.சி. ரோட்டில் பேருந்து கிடங்கரா தாண்டியதும் சாலை வேலை கண்ணில் பட்டது. ஆண்டுதோறும் மூழ்கும் சாலையை என்ன செய்வது என்ற கேள்விக்கு முதலில் தோன்றும் விடை, உயர்த்து என்பதுதான். 24 கிலோமீட்டரையும் மண் போட்டு உயர்த்தினால் சாலையே அணையாகிவிடும். கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் ஆற்று நீர் இந்தச் சாலையைக் கடந்துதான் வடக்கே காயலுக்குப் போயாக வேண்டும். அதனால் தண்ணீர் அதிகம் பாயும் இடங்களில் தூண்கள் மேல் மேம்பாலமாகத் தூக்கி, கீழே நீருக்கு வழி விட்டிருக்கிறார்கள். வேறு சில இடங்களில் வெள்ளம் மேலேறிக் கடந்து போகும்படி தாழ்வான தளம். பேருந்து அந்த மேம்பாலத்தில் ஏறும்போது பக்கத்தில் இருந்தவர் கையை வெளியே நீட்டிக் காட்டினார், “இதுக்குக் கீழேதான் எப்பவும் முதல்ல கேறும்.” சாலை போடுகிறவர்கள் தண்ணீரின் வழியைக் கேட்டுப் போட்ட சாலை என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

சாலைக்குப் பக்கத்திலேயே போகும் ஏ.சி. கால்வாயின் கதை வேறு. மனக்கச்சிறாவில் தொடங்கிப் பள்ளாத்துருத்திவரை வெட்டி, வெள்ளத்தை நேரே காயலுக்குத் தள்ளிவிட வேண்டிய கால்வாய். பாதித் தூரத்தில், ஒன்னாங்கரையில், நின்றுபோனது. அதற்கு மேல் கரையில் குடியேறிய குடும்பங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகளாகத் தண்ணீர் ஒன்னாங்கரைவரை வந்து திகைத்து நிற்கிறது.

மங்கொம்பில் இறங்கினேன். குட்டநாடு தாலுகாவின் தலைமையிடம். எம்.எஸ். சுவாமிநாதனின் முன்னோர் ஊர் இது; அவர் பிறந்தது கும்பகோணத்தில் என்றாலும் பெயரின் முதல் எழுத்தில் இந்த ஊரைக் கடைசிவரை வைத்திருந்தார். கேரளத்தில் பெரும்பாலான வயல்களில் விளையும் ‘உமா’ நெல்லும் இங்குள்ள ஆராய்ச்சி நிலையம் தந்ததுதான். 2007-ல் குட்டநாட்டுக்காக அவருடைய நிறுவனம் தந்த அறிக்கையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அங்கிருந்து படகில் போய்ச் சேரும் பஞ்சாயத்து அது. பெயர் வேண்டாம், இங்கே ஏறக்குறைய எல்லாப் பஞ்சாயத்தும் இதே நிலைதான். அலுவலகம் மாடியில். கீழ்த்தளத்தின் தூண் ஒன்றில் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டு 2018 என்று எழுதியிருந்தது. என் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

திட்டத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தவர் வார்டு உறுப்பினர். உடன் ஆஷா என்கிற ஊர் சுகாதாரப் பணியாளர் ஒருவர். “வாயிச்சு நோக்கு சாரே” என்று உறுப்பினர் என் பக்கம் தள்ளினார். முன்பகுதியில் எல்லா அரசு அறிக்கைகளிலும் இருப்பதுதான் இருந்தது. பரப்பளவு, மக்கள்தொகை, ஆறுகள், மழை. வேகமாகத் தாண்டினேன். நடுவில் அட்டவணைகள் தொடங்கின. அங்கே நின்றுவிட்டேன்.

வீடு வாரியாகப் பத்திகள். படுக்கையில் இருப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்பவர். டயாலிசிஸ் பத்தியில் ஆளின் பெயருக்கு எதிரே எந்தக் கிழமைகளில் மருத்துவமனைக்குப் போகிறார் என்று எழுதியிருந்தது. வெள்ளம் செவ்வாயன்று வந்தால் யாரை முதலில் ஏற்ற வேண்டும், வியாழன் வந்தால் யாரை என்பது அந்த ஒரு பத்தியில் இருக்கிறது. அடுத்து வள்ளங்கள்: யாருடையது, எஞ்சின் உண்டா, எத்தனை பேர் ஏறலாம், எந்தத் துறையில் கட்டிக் கிடக்கும். பிறகு மாடுகள். மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுகிறவர்கள் நிறைய. அதனால் மாட்டை எந்தப் பாலத்தின் ஏற்றத்தில் கட்டுவது, வைக்கோல் யார் கொண்டுவருவது என்பது ஆட்களை வெளியேற்றும் திட்டத்தின் ஒரு பகுதி. பிறகு கஞ்சி வீழ்த்தும் இடங்கள். முகாமுக்கு வராமல் பரண் கட்டி வீட்டிலேயே இருப்பவர்களுக்கு அங்கே சமைத்துப் படகில் கொண்டுபோவார்கள். எந்த இடத்தில் அடுப்பு, சிலிண்டர் எங்கே, யார் சமைப்பது என்று குடும்பஸ்ரீ பெண்களின் குழுப் பெயரோடு இருந்தது. எச்சரிக்கை சொல்ல ஒரு குழு, மீட்புக்கு ஒன்று, முதலுதவிக்கு ஒன்று, முகாமுக்கு ஒன்று எனப் பிரித்திருந்தார்கள். கடைசியில் எலிக்காய்ச்சலுக்கான டாக்சிசைக்ளின் மாத்திரையை எந்தத் துணை மையத்தில் எவ்வளவு இருப்பு வைப்பது என்ற குறிப்பு.

ஒரு பக்கத்தில் பெயர் ஒன்று பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வேறு பெயர்.

“இவர் மரிச்சு. போன கர்க்கடகத்தில்” என்றார் ஆஷா பணியாளர். “இவளுக்கு இப்போ ஏழாம் மாசம். மே மாசத்தில ஒரு தடவை எல்லா வீடும் நடப்பேன் சாரே. இல்லேன்னா இந்தப் புத்தகம் பழசாப் போயிடும்.”

“அதுக்குத் தனியா ஏதாவது தருவாங்களா சேச்சி?” என்று கேட்டேன்.

அவர் உறுப்பினரைப் பார்த்தார். உறுப்பினர், “இல்லை. அவங்களுக்கு இருக்கிற வேலையிலே இதும் ஒண்ணு” என்றார்.

இந்தத் திட்டத்தில் உயிருள்ள பகுதி எதுவென்றால் அந்தப் பென்சில் கோடுகள்தான். 2020 தொடக்கத்தில் இதை எழுதிய உறுப்பினர்கள் வேறு. அதே ஆண்டு டிசம்பரில் தேர்தல் வந்து ஆட்கள் மாறினார்கள். எழுதியவர் போன பிறகும் அடுத்தவர் கையில் பிழைத்துக் கிடக்க வேண்டுமானால், ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவதைச் சட்டமாகவே வைத்து, திருத்துகிறவருக்கு அதற்கான கூலியும் வைக்க வேண்டும். மாநில அரசு ஆண்டுதோறும் வெளியிடும் ‘ஆரஞ்சுப் புத்தகம்’ மழைக்கு முன் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று துறைவாரியாகச் சொல்கிறது. வீடு வீடாக நடக்கிற பெண்ணின் செருப்புத் தேய்வதற்கு அதில் கணக்கு இருக்க வேண்டும்.

சுவரில் வெள்ள அபாய வரைபடம் மாட்டியிருந்தது. உறுப்பினர் அதன் முன் நின்றார். “நோக்கு சாரே, எங்க பஞ்சாயத்து முழுக்க ஒரே நிறம்.” உண்மைதான். வரைபடத்தில் குட்டநாடே முழுக்க ஒரே நீலம். கோட்டயத்தில் அல்லது பாலாவில் எந்தத் தெரு மூழ்கும், எது மூழ்காது என்று சொல்ல இந்த வரைபடம் உதவும். இங்கே எல்லாமே மூழ்கும் இடம். எது முதலில், எது கடைசியில், எந்தப் பள்ளிக்கூடத்தின் தரை மூன்றடி வெள்ளத்திலும் மேலே நிற்கும் என்பதுதான் இவர்களுக்கு வேண்டியது. இருபது முப்பது சென்டிமீட்டர் வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் இரவு மாறுகிற நிலம். மேலிருந்து எடுத்த படத்தில் அந்த வித்தியாசம் விழுவதில்லை.

அதற்கு அவர்கள் கண்ட வழியைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. மின்கம்பங்களிலும் தூண்களிலும் 2018 வெள்ளம் நின்ற கறை இருந்தது. வெள்ளம் நின்ற மட்டம் அக்கம்பக்கத்தில் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கொத்தனார்கள் வீடு கட்டும்போது தளமட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு போய், கறையிலிருந்து ஒவ்வொரு பள்ளியின், அங்கன்வாடியின், தேவாலயக் கூடத்தின் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து எழுதினார்கள். நீண்ட பிளாஸ்டிக் குழாய், அதில் தண்ணீர், இரண்டு முனையிலும் இரண்டு ஆட்கள். அதை வைத்து முகாம்களின் வரிசையையே மாற்றினார்கள். பழைய பட்டியலில் முதலில் இருந்த பள்ளி கடைசிக்குப் போனது. அதன் கழிப்பறை முற்றத்தைவிடத் தாழ்வாக இருந்தது, அளக்கும்போதுதான் தெரியவந்தது. வெள்ளத்தில் முகாமை முதலில் குலைப்பது கழிப்பறை. கேரளத்தில் எங்கே கேட்டாலும் பெண்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

இதே மாதிரி இன்னொரு காரியம் மீனச்சில் ஆற்றங்கரையில் நடக்கிறது. அங்கே மலையடிவார ஊர்களில் ஆசிரியர்கள், மாணவர்கள், விவசாயிகள் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்துத் தாங்களே அளந்து, வாட்ஸாப்பில் கீழே இருப்பவர்களுக்குச் சொல்கிறார்கள். வாகமண் பக்கம் மலையில் இவ்வளவு பெய்தது என்று காலையில் தெரிந்தால் பாலா கடைத்தெருவில் சரக்கை மேலே ஏற்ற நேரம் கிடைக்கும். அரசு மழைமானிகள் மலைப்பகுதியில் போதாது என்பதற்கு மக்கள் கண்ட மருந்து. 2018-க்குப் பிறகு வந்த நல்ல காரியங்களில் இதை மிக உயர்வாக வைப்பேன்.

மதியம் உறுப்பினர் என்னைப் பாடசேகரம் என்கிற வயல்தொகுதியின் வரம்பில் கூட்டிப்போனார். ஆறும் வயலும் பிரியும் இடம். வரம்பு அகலம் நடப்பதற்குச் சரியாக இருந்தது. ஒரு பக்கம் ஆறு கால்மட்டத்தில். மறுபக்கம் கீழே குடில்கள், தென்னை, வாழை, ஒரு கோழிக்கூடு. பாடசேகரத்துக்குள்ளேயே வீடு கட்டி இருப்பவர்கள். பெரும்பாலும் முன்பு வயலில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள்.

வரம்பின் மூலையில் பம்ப் கொட்டகை. பெட்டியும் பறையும் என்பார்கள். மரத்தால் செய்த பெரிய குழலும் பெட்டியுமாக, மோட்டார் சுழன்றால் வயல் நீரை அள்ளி ஆற்றில் ஊற்றும். நூறாண்டுப் பழமையான அமைப்பு. இப்போது நின்றிருந்தது. புஞ்சை முடிந்துவிட்டதால் பம்ப் ஓடாது. பம்ப் ஓட்டுவதற்கான மானியம் சாகுபடிக்குத்தான் வருகிறது. இரண்டாம் போகம் போடாத பாடசேகரத்தில் மழைக்காலம் முழுக்க நீர் இறைப்பு இல்லை. வெளியே வெள்ளமே வராத ஆண்டிலும் உள்ளே இருக்கும் வீடுகளின் முற்றத்தில் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும். வெளிவரம்பு உடைந்தால் சொல்லவே வேண்டாம். மட வீழும் என்பார்கள். ஒரு இடத்தில் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் பாடசேகரம் முழுக்க ஏரி.

இந்த இடத்தில்தான் அந்தத் திட்டப் புத்தகத்தின் எல்லை எனக்குத் தெரிந்தது. வீட்டில் இருக்கும் மூதாட்டியை யார் தூக்குவது என்பது அதில் இருக்கிறது. அந்த வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்காமல் இருக்கப் பம்பை ஓட்டச் சொல்ல அந்தப் பஞ்சாயத்துக்கு வழி இல்லை. பம்ப் விவசாயிகள் குழுவிடமும் வருவாய்த்துறையின் புஞ்சை அலுவலரிடமும் இருக்கிறது. வெளிவரம்பு நீர்ப்பாசனத்துறை. மலையில் இருக்கும் அணைகள் மின்வாரியம். சாலை பொதுப்பணித்துறை. வேம்பநாட்டுக் காயலின் தண்ணீர்முக்கம் தடுப்பணையும் கடலோரத்தின் தோட்டப்பள்ளி மதகும் நீர்ப்பாசனத்துறை. பஞ்சாயத்தின் கையில் மனிதர்கள் இருக்கிறார்கள்; தண்ணீர் இல்லை.

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத்தலைவர். அந்த இணைத்தலைவர் நாற்காலிக்குத் தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ எவ்வளவு எடை இருக்கிறது என்று உள்ளாட்சியில் இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். திட்டம் எழுதும் பொறுப்பைக் கீழே இறக்கினால் மதகின் மேல் சொல்லும் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2019 மே மாதம் முதல்வர் பினராயி விஜயன் நெதர்லாந்துக்குப் போய் நோர்ட்வார்ட் என்ற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நெதர்லாந்தில் 1993-லும் 1995-லும் வெள்ளம் வந்தது. 1995-ல் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் மக்களை வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு, கரையை உயர்த்திக்கொண்டே போவதை நிறுத்தி ஆற்றுக்கு இடம் விடுவது என்று முடிவெடுத்தார்கள். நோர்ட்வார்டில் கரையைத் தாழ்த்தி ஆற்றை உள்ளே விட்டார்கள்; சிலரை வேறிடத்தில் குடியேற்றினார்கள், சிலருக்கு மேடு கட்டித் தந்தார்கள். அன்றிலிருந்து ‘ஆற்றுக்கு இடம்’ என்ற பேச்சு குட்டநாட்டில் அடிபடுகிறது. அங்கிருந்து கற்க வேண்டியது கரை தாழ்த்தும் பொறியியல் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே நீர் வாரியங்கள் என்று 21 இருக்கின்றன. மூலம் 13-ஆம் நூற்றாண்டுவரை போகிறது. அந்தப் பகுதி மக்கள் தேர்தலில் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களை அனுப்புகிறார்கள். வாரியம் தானே வரி வாங்குகிறது. கரையும் பம்பும் மதகும் அதன் பொறுப்பு. கரை உடைந்தால் யாரைக் கேட்பது என்று அங்குள்ளவருக்குத் தெரியும். குட்டநாட்டில் சென்ட் கணக்கில் நிலம் வைத்திருப்பவரிடம் ஆற்றுக்கு இடம் விடச் சொல்வதற்கு முன்னால், கேட்பதற்கு ஓர் ஆளை ஏற்படுத்த வேண்டும்.

மறுநாள் தோட்டப்பள்ளிக்குப் போனேன். ஆலப்புழையிலிருந்து தெற்கே தேசிய நெடுஞ்சாலையில், ஒரு பக்கம் கடலின் இரைச்சல் கேட்கிற தூரத்தில். 1955-ல் கட்டியது, 40 மதகுகள். சாலையே மதகுகளின் மேல்தான் போகிறது. வீயபுரத்திலிருந்து வரும் பம்பை, அச்சன்கோவில் தண்ணீரை வேம்பநாடு சுற்றிப் போகவிடாமல் நேரே கடலில் இறக்குவதற்கான வாசல். நொடிக்கு 64,000 கன அடிக்குக் குறையாமல் வெளியேற்றலாம் என்று வடிவமைத்தார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு மத்திய நீர் ஆணையம் சொன்ன உண்மையான திறன் 630 கனமீட்டர். கன அடியில் சுமார் 22,000. மூன்றில் ஒரு பங்கு. மதகில் கோளாறு இல்லை. மதகுக்கு நீரைக் கொண்டுவரும் முன்கால்வாய் குறுகல், ஆழம் போதாது. மதகைத் தாண்டிய பிறகு கடலோரத்தில் பொழி என்கிற முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்கிறது. சுவாமிநாதன் நிறுவனத்தின் 2007 அறிக்கை முன்கால்வாயை அகலப்படுத்தி ஆழப்படுத்தச் சொன்னது. 2018 வெள்ளம் வந்தபோது 11 ஆண்டுகள் கடந்திருந்தன.

பாலத்தின் மேற்குக் கைப்பிடியில் சாய்ந்து நின்றால் மணல் திட்டு முழுதாகத் தெரிகிறது. இயந்திரங்கள் பொழியை வெட்டிக்கொண்டிருந்தன. மழை இறங்குவதற்குள் முறித்துவிட வேண்டும். 2020-ல் இந்தத் திட்டிலிருந்த சவுக்கு மரங்களை வெட்டி மணலை அள்ளத் தொடங்கியபோது, கரையில் இருக்கும் புறக்காட்டு மக்கள் எதிர்த்து நின்றார்கள். மணலில் கனிமம் இருக்கிறது. வெள்ளத்தின் பெயரைச் சொல்லி எடுக்கிறார்கள், எடுக்க எடுக்கக் கடல் உள்ளே வரும் என்பது அவர்கள் பயம். கிழக்கே குட்டநாட்டுக்காரருக்கு இந்த மணல் போயாக வேண்டும். இங்கே கடலோரத்தாருக்கு இருந்தாக வேண்டும். இரு தரப்பும் ஒரே மாவட்டம், இரு தரப்புக்கும் பஞ்சாயத்து இருக்கிறது, இரண்டு பஞ்சாயத்திடமும் வெள்ளத் திட்டம் இருக்கிறது. ஒரு திட்டத்தில் நிவாரணமாக இருப்பது இன்னொன்றில் அபாயமாக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கிற இடம் என்று ஒன்று வேண்டும். மலையடியில் ரான்னி தொடங்கி, கோழஞ்சேரி, ஆறன்முளை, செங்கன்னூர், வீயபுரம் வழியாக இந்தப் புறக்காடுவரை, பம்பைக் கரையிலுள்ள உள்ளாட்சிகள் எல்லாம் மழைக்கு முன் ஒரு மேசையில் உட்கார்ந்தால், மேலே அணை திறக்கும் நேரமும் கீழே மதகு தூக்கும் நேரமும் பொழி முறிக்கும் தேதியும் ஒரே தாளில் வரும். இதற்குப் புதிய கருவியோ வெளிநாட்டுப் பணமோ வேண்டாம். மாவட்ட எல்லையைத் தாண்டி அழைக்கிற அதிகாரம் ஒருவருக்கு வேண்டும்.

சாலையோரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் பொழி என்றைக்குத் திறக்கும் என்று விசாரித்தேன்.

“யாருக்குத் தெரியும்? பேப்பர்ல வரும்” என்றார்.

“பஞ்சாயத்துல முன்கூட்டியே சொல்ல மாட்டாங்களா சேச்சி?”

“அவங்களும் பேப்பர்லதான் வாயிக்கிறாங்க. வலையும் வள்ளமும் இந்தப் பக்கம் கட்டிக் கிடக்கு. ராத்திரி திறந்துட்டா ஒழுக்குல போயிடும். ரெண்டு நாள் முன்னே ஒரு வாக்கு சொன்னாப் போதும், நாங்க மாத்திக் கட்டிக்குவோம்.”